கரையேறிய பின்னும் ஆபத்து

வற்றாப்பளைக்கு நீர் புதிதன்று. வாசலிலே நந்திக்கடல், அம்மன் பொங்கலுக்கு விளக்கெரிவதும் கடல்நீரிலே. 2004 மார்கழி 26இல் முல்லைத்தீவுக் கரையை விழுங்கிய கடலையும் நாம் கண்டோம். மூழ்கியவனைக் கரையில் இட்டு, மூச்சு வந்ததும் "பிழைத்தான்" என்று கலைந்துவிடுகிறோம். அவசரம் வேண்டாம்!

சேற்றிலும் தேங்கிய நீரிலும் செடோசுப்போரியம் என்னும் பங்கசு வாழ்கிறது. மூழ்குபவனின் நுரையீரலுட் புகும் அழுக்குநீரோடு அதுவும் புகுந்து, இரத்தவழியே மூளையை அடைந்து சீழ்க்கட்டியாகிறது. திடகாத்திரமானவனையும் அது விடுவதில்லை. தலைவலியும் வலிப்பும் தோன்றுவதோ வாரங்கள், சிலவேளை மாதங்கள் கழித்து! 2011இல் சப்பானிய ஆழிப்பேரலையில் மூழ்கி மீண்ட ஒரு மாதுக்கும் இந்நோய் கண்டது. நோய் அரிது, மெய். ஆயினும் கண்டவர்களிற் பெரும்பாலோர் மாண்டனர். அம்போதெரிசினுக்கு அது எளிதில் அடங்காது. வொரிகொனசோல் வேண்டும், அதுவும் காலத்தோடு.

தலைவலி என்று வருபவன், இரு மாதத்துக்கு முன் மூழ்கியதைச் சொல்ல நினைப்பானா? கேட்க வேண்டுமென்று வைத்தியருக்குத்தான் தோன்றுமா? ஆதலின், மூழ்கி மீண்டவர் வீடு திரும்புகையில் வைத்தியசாலைச் சீட்டில் "நீரில் மூழ்கியவர், நான்கு மாதம் கவனிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பதை அரசினர் கட்டாயமாக்கட்டும். இதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டியதில்லை, மை போதும்.