மாதிரிக் காசோலையும் வட்டிக்காரரின் சட்டைப்பையும்



நாளிதழ்களில் அடிக்கடி வெளிவரும் நிழற்படம் ஒன்றைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். தமிழ்ப்பள்ளியின் திடல். நடுவே கதவளவு பெரிய மாதிரிக் காசோலை. அதன் ஒரு முனையை நிதி நிறுவன அதிகாரி பிடித்திருப்பார். மறுமுனையைத் தலைமையாசிரியர் பிடித்திருப்பார். பின்னால், வெயிலில் களைத்துப்போன மாணவர்கள் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். படத்தின் கீழே, "சமுதாயக் கடப்பாட்டை நிறைவேற்றியது" என்றொரு வரி!

அப்படிப்பட்ட படங்களுக்காக மாணவர்களை உயரவாரியாக நிறுத்திய கைகளுள் என் கையும் ஒன்று. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தக அலமாரியை நாள்தோறும் பயன்படுத்துகின்றேன். ஆகவே நன்றி மறந்து எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால், ஒரு வங்கியின் சமுதாயப் பொறுப்பு அந்த அட்டைக் காசோலையோடு முடிந்துவிடுகிறதா? இதைக் கேட்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

காரணம் சொல்கிறேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து சில நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. வேன் கட்டணம் கட்டவில்லையாம். வீட்டுக்குச் சென்று பார்த்தேன். தோட்டத்து லயத்தைவிட்டு வெளியேறி, மலிவுவிலை வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். தாயார் காலையில் சாலையோரத்தில் நாசி லெமாக்கும் இடியப்பமும் விற்பவர். மாதந்தோறும் சமூகநல உதவித்தொகை அவர் கணக்கில் விழுகிறது. "பிறகேன் அம்மா, வேனுக்குக் கட்டவில்லை?" என்று கேட்டேன். "கார்டு என்கிட்ட இல்லீங்க, டீச்சர்" என்றார். வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும் வட்டிக்காரரிடம் இருக்கின்றன. பணம் விழும் நாளில் அவரே எடுத்துக்கொண்டு, மீதியை இவரிடம் கொடுப்பாராம்!

இவர் முதலில் வங்கிக்குத்தான் போயிருக்கிறார். அடுப்பும் ஒரு தள்ளுவண்டியும் வாங்கச் சிறுகடன் கேட்டிருக்கிறார். முகப்பில் இருந்தவர் சம்பளச் சீட்டு கேட்டாராம். இடியப்பம் விற்பவருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பது? அதற்குப் பிறகே வட்டி முதலையின் கைப்பேசி எண்ணைத் தேடியிருக்கிறார். அந்த எண் சாலையோர விளக்குக் கம்பங்களிலேயே ஒட்டப்பட்டிருக்கிறதே!

நம் நாட்டின் 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம், ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்கிறது. நூற்றுக்கு மாதம் பத்து வெள்ளி என்று கறப்பவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 120 விழுக்காடு! நான்காம் ஆண்டு மாணவன் செய்யும் எளிய பெருக்கல்தான் இது.

இனி, சேமிப்பு வங்கி எதற்காகத் தோன்றியது என்று பார்ப்போம். 1810இல் ஸ்காட்லாந்தின் ருத்வெல் சிற்றூரில் ஹென்றி டங்கன் எனும் பாதிரியார், பெரிய வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத கூலிக்காரர்களின் காசுக்காகவே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். 1861இல் பிரிட்டன் அதே பணியை அஞ்சலகங்களிடம் ஒப்படைத்தது. அந்த மரபு மலாயாவுக்கும் வந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை ஏற்றுக்கொண்டு 1974 திசம்பர் முதல் நாள் உருவானதே நமது தேசிய சேமிப்பு வங்கி, அதாவது பி.எஸ்.என். இது அரசாங்கத்தின் வங்கி. பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் பலரின் தகரப்பெட்டியில், பிறப்புப் பத்திரங்களுக்கு நடுவே அந்தச் சேமிப்புப் புத்தகம் பத்திரமாக இருந்தது.

ஆக, ஏழையின் சிறுசேமிப்பு என்பது இவ்வங்கிக்கு இலாபத்தில் கிள்ளிக் கொடுக்கும் தருமம் அன்று. அதுவே அதன் தொழில்!

இந்த உண்மையை அவ்வங்கி சில நேரங்களில் மிகச் செம்மையாகவே உணர்ந்திருக்கிறது. 2012 முதல் மளிகைக் கடைகளையும் சிறுவணிகர்களையும் தன் முகவர்களாக்கியது. கிளை திறக்க இயலாத சிற்றூரிலும் கடைக்காரரிடமே பணம் போடலாம், எடுக்கலாம். வங்கிக்குக் கட்டட வாடகை மிச்சம். பாட்டிக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம். வணிகமும் வளர்ந்தது, மக்களும் பயன்பெற்றனர். இதற்காக எவரும் மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. 2006இல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய சிறுநிதித் திட்டமும் அத்தகையதே. ஈடு இல்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் தர வழிசெய்த அதில் பி.எஸ்.என்.னும் பங்கேற்றது. அந்தத் திட்டத்தைப் பற்றி இடியப்பம் விற்கும் அந்தத் தாய்க்கு எவரும் சொல்லவில்லை. தமிழில் ஒரு துண்டறிக்கைகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் எங்களுக்குச் சொன்னார்கள்! ஆசிரியர் அறைக்குள்ளேயே முகவர்கள் வந்து, தேநீர் ஆறுவதற்குள் தனிநபர் கடனை விளக்கிவிட்டுப் போவார்கள். அரசு ஊழியரின் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? அதைவிடப் பாதுகாப்பான வாடிக்கையாளர் வேறு யார்? ஒரு காலத்தில் 25 ஆண்டுத் தவணைவரை தனிநபர் கடன் கொடுத்தார்கள். விருந்துக்கும் விடுமுறைக்கும் வாங்கிய கடனைப் பணி ஓய்வுவரை கட்டியவர்கள் உண்டு. குடும்பக் கடன் பெருகியதைக் கண்டு, 2013 சூலையில் பேங்க் நெகாரா தலையிட்டு, தனிநபர் கடனுக்குப் பத்தாண்டுகளே உச்சவரம்பு என்று விதித்தது. அரசின் மேம்பாட்டு வங்கிகளும் கூட்டுறவுக் கடன் நிறுவனங்களும் அந்த விதிக்குள் கொண்டுவரப்பட்டன. தேவையில்லாதவரைத் தேடிவந்து கடன் கொடுப்பதும், தேவைப்பட்டவரிடம் சம்பளச் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்புவதும் எந்த வகை வளர்ச்சி?

"வங்கி என்ன அன்னசத்திரமா? போட்டவன் பணத்தை யார் காப்பாற்றுவது?" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான கேள்விதான். 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்தாம் வாசலில் நின்று கதறினார்கள். இந்தியச் சமுதாயத்தின் பெயரால் 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸில் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் போட்ட நம் மக்களின் கதையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சமுதாயத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுக் கணக்கைக் கோட்டை விடுவதும் துரோகமே. ஆகையால் வங்கி இலாபம் ஈட்டட்டும், வளரட்டும். நான் கேட்பது தருமம் அன்று.

வளர்ச்சியையும் பொறுப்பையும் ஒருசேர நடத்திக் காட்டியவர்கள் நம்மிடையே இல்லாமலும் இல்லை. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, நம் மக்கள் லயங்களைவிட்டுத் துரத்தப்பட்டபோது, வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி கேட்டார். அப்படி 1960இல் பிறந்தது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் எங்கிருக்கிறது தெரியுமா? நம் கெடாவில்தான், கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சீடிம்! தொழிலாளியின் பத்து வெள்ளியே முதல். அந்த முதலே அவனுக்கு வேலையும் காத்தது. அங்கே இலாபம் ஒரு கதவு வழியாகவும் பொறுப்பு இன்னொரு கதவு வழியாகவும் நுழையவில்லை. சம்பளச் சீட்டு பார்க்கும் வங்கியாளர்கள் ஒருமுறை அந்தத் தோட்டப் பக்கம் போய்வரலாம்.

குருணிலிருந்து பீடோங் வரை, ஜெராய் மலையடிவாரம் நெடுகத் தோட்டங்களைவிட்டு வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்காகக் கேட்கிறேன். மாதத்தில் ஒருநாள், உதவித்தொகை விழும் நாளில், தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி அந்தக் குடியிருப்புகளுக்கு வரட்டும். சிறுகடன் பாரத்தை அங்கேயே அமர்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும். ஆறு மாதம் அன்றாட வரவைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்த நோட்டே சம்பளச் சீட்டாகட்டும். எழுதக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். ஒரே கணக்கின் உதவித்தொகை மாதந்தவறாமல், விழுந்த சில நிமிடங்களிலேயே மொத்தமாக எடுக்கப்படுகிறது என்றால், அட்டை யார் கையில் இருக்கிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரிக்கலாமே! தவணை தவறினால் மட்டும் அழைக்கத் தெரிகிறது அல்லவா?

அந்த மாணவன் இப்போது பள்ளிக்கு வருகிறான். வேன் கட்டணத்தை ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம். அட்டை இன்னும் திரும்பவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு நிதி நிறுவனம் எங்கள் பள்ளிக்கு வருகிறதாம். மாணவர்களை வரிசைப்படுத்தும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு. காசோலையைப் பிடித்துப் படமெடுத்து முடிந்ததும், சிற்றுண்டி வேளையில், அந்தத் தாயாரையும் அவருடைய வரவு நோட்டையும் அதிகாரியின் மேசைக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். சிற்றுண்டிக்கு இடியப்பம் அவரிடமே சொல்லியிருக்கிறது.