தண்ணீரில் போட்ட தபால் தலை

ஏழாவது படிக்கும் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் தபால் தலை ஆல்பம் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, அரசாங்கக் கட்டடங்கள். "உன்கிட்டே பழசு ஏதாவது இருக்காம்மா?" என்று அரிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் இருந்த பாட்டிக்குப் போட்ட கடிதங்கள் அதில்தான் இருந்தன. கடிதங்கள் எல்லாம் செல்லரித்துப் போய், மிஞ்சியவை இரண்டு கவர்கள்தான்.

ஒன்றில் செம்பழுப்பு நிறத்தில் நம் சென்னை ஹைகோர்ட்! கல்கத்தா, பம்பாய், சென்னை ஹைகோர்ட்டுகள் ஏற்பட்டு நூறு வருஷம் ஆனதற்காக, 1962-இல் மூன்றுக்கும் தனித்தனியே 15 நயா பைசாவில் தபால் தலை போட்டார்கள். அதில் இது ஒன்று.

மீஞ்சூரிலிருந்து பீச் ரயிலில் போய் இறங்கும் போதெல்லாம் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன். 1892-இல் திறந்தது. அதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்ததாம். கோர்ட்டின் தலையில் விளக்கு! "ராத்திரி வேலைக்குப் போனா அந்த வெளிச்சம்தான் துணைன்னு அப்பா சொல்வார்" என்றாள் அம்மா. 1914-இல் எம்டன் கப்பல் வீசிய குண்டு ஒன்று அந்தக் காம்பவுண்டிலும் விழுந்ததாம்.

இவ்வளவும் மகளுக்குச் சொல்லிவிட்டு, ஆர்வக் கோளாறில் கவரை அப்படியே வெந்நீர்ப் பேசினில் போட்டேன். தபால் தலை அழகாகக் கழன்று வந்தது. தண்ணீர் நீலமாக இருந்தது. விலாசம் முழுக்க மைப் பேனாவில் எழுதியது, தெரியுமோ! பாட்டி பெயருக்கு முன்னால் தாத்தா எழுதியிருந்த 'சௌபாக்கியவதி' கரைந்தே போயிற்று. அம்மா திட்டவில்லை. வெற்றுக் கவரை வெயிலில் காயவைத்து, "அப்பா எழுத்துடி" என்றாள். அவ்வளவுதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சகோதரிகளே, பழைய கவரென்றால் நனைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். முத்திரையும் கையெழுத்துமாக முழுசாக ஆல்பத்தில் வையுங்கள். புதுக் கவரானால் தபால் தலையைச் சுற்றி அரை அங்குலம் விட்டு வெட்டி, பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கால் மணியில் தானே நழுவும். பிய்க்கக் கூடாது. கலர் கவரைத் தனியாகப் போடுங்கள், சாயம் மற்றதில் ஏறிவிடும். வெள்ளைத் தாளில் முகம் கவிழ்த்துக் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஒரு நாள் வைத்தால் சுருக்கம் போய்விடும். கோந்து தடவவே தடவாதீர்கள்.

மீதி ஆல்பம் ஒருவழியாக நிறைந்தது. 2009-இல் வந்த சென்ட்ரல் ஸ்டேஷன் தபால் தலையைப் பக்கத்து வீட்டு மாமி தந்தார். 1931-இல் புது டில்லி திறப்பு விழாவுக்கு வந்த ஆறு தபால் தலைகளுக்கு நாங்கள் எங்கே போவது? ஓரணாவில் இருந்த இன்றைய பழைய பார்லிமெண்டையும், இரண்டணாவில் இருந்த வைஸ்ராய் மாளிகையையும், அதாவது இன்றைய ராஷ்டிரபதி பவனையும், மகள் கலர் பென்சிலால் வரைந்துவிட்டாள்.

இரண்டாவது கவரில் என்ன தபால் தலை என்று நான் இன்னும் பார்க்கவில்லை. பெட்டிச் சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டாள்.