பொறியியலாளர் மீண்டும் மாணவராகட்டும்

சித்தாண்டிக்கு மேற்கே வயல் செய்யும் மக்களை வாழ்விப்பதும் முந்தனையாறு, வருத்துவதும் முந்தனையாறு. மாரியில் அது பெருக்கெடுத்து வட்டைகளை மூழ்கடிக்கின்றது. கோடையில் நீருக்கு ஏங்க வைக்கின்றது. 1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளங்களை மட்டக்களப்பு மறக்கவில்லை. உறுகாமம், கித்துள் குளங்களை இணைத்து நீரைத் தேக்கும் யோசனையோ நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது.

இவ்வாற்றின் குணத்தை, மதகும் வாய்க்காலும் பார்த்துப் பழகிய நம் பொறியியலாளர் அறிவர். ஆயினும், பத்தாண்டு தொழில் புரிந்தவர் மீண்டும் பட்டப்பின் படிப்புக்குச் செல்வது வீண் என்போர் நம்மிடையே உளர். அக்கருத்தை நாம் மறுக்கின்றோம். இளம் மாணவன் ஆசிரியர் தரும் வினாவுக்கு விடை தேடுகின்றான். தொழில் அறிந்தவரோ வினாவைத் தம்முடனேயே கொண்டு செல்கின்றார்.

1953இல் கடல் வெள்ளத்தால் பேரழிவுற்ற ஒல்லாந்து, 1957இல் டெல்வ்ற் நகரில் பிறநாட்டுப் பொறியியலாளருக்கென நீரியற் பயிற்சி நெறியைத் தொடங்கியது. 1959இல் பாங்கொக்கில் தோன்றிய பொறியியற் பட்டப்பின் கல்லூரி, 1967இல் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனமாயிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், ஆசிரியத் தொழில் பார்த்த பின்னரே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராகி, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார்.

அறிவுத் தாகம் நம்மவர்க்குக் குறைவன்று. தடை வேறிடத்தில் உள்ளது. சம்பளம் நின்றால் குடும்பம் என்னாவது? லீவு முடிந்து திரும்பும்போது பதவி உயர்வு கைநழுவிப் போகாதா? இவ்வச்சங்கள் நியாயமானவை. சித்தாண்டியின் அயலான வந்தாறுமூலையில் 1981இல் கல்லூரியாய் எழுந்து, 1986இல் பல்கலைக்கழகமாகிய கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் உண்டு; பொறியியற் பீடம் இல்லை. பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ செல்பவர் வீட்டையும் வேலையையும் விட்டே செல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது: பொறியியலாளருக்குச் சம்பளத்துடன் கல்வி லீவு வழங்குக. அவர் ஆராயும் பொருள் தாம் சேவை புரியும் ஆறாகவோ குளமாகவோ இருக்கட்டும். கற்று முடிந்தபின் குறித்த சில ஆண்டுகள் இம்மாவட்டத்திலேயே கடமையாற்ற அவர் உடன்படட்டும். பொதுப் பணத்துக்கு அதுவே ஈடு.

வேளாண்மை செய்வோருக்கும் இதில் பங்குண்டு. அணைக்கட்டைத் திருத்தித் தருமாறு மனுக் கொடுக்கும் வட்டை விதானைமாரும் விவசாய அமைப்புகளும், அந்த அணையைக் கணக்கிடும் அறிவையும் உரிமையாகக் கேட்க வேண்டும். ஆறு ஆண்டுதோறும் தன் பாடத்தை நடத்துகின்றது. அதைக் கற்க ஆளனுப்புவது நம் கடன்.