ஹகீமா யார் வீட்டுப் பெண்?

பெண்கல்வி மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்றும், மகளிர் தொழில் புரிவது மார்க்கத்துக்கு முரண் என்றும் முழங்குவோர் சிலர் நம்மிடையே இன்னும் உளர். அப்பெருமக்களுக்கு எகிப்திய வரலாற்றின் ஏடு ஒன்றைப் புரட்டிக் காட்ட விழைகிறேன்.

1832-இல் முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சியில் அங்கே மகளிருக்கென மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. மகப்பேறு பார்த்தல், அம்மை குத்துதல், பெண் நோயாளரைப் பேணுதல் ஆகியவை பாடங்கள். அந்நிய ஆடவரின் கைபடாமல் பெண்டிர்க்கு மருத்துவம் கிடைக்கும் ஏற்பாடு இது. எனினும் குடும்பத்தார் தம் மகளிரை அனுப்பத் தயங்கினர். முடிவில், சந்தையில் விலைக்கு வாங்கப்பெற்ற அபிசீனிய, சூடானிய அடிமைச் சிறுமியரே முதல் மாணவியராயினர். அரபி எழுத்திலிருந்து தொடங்கிக் கற்றுத் தேறிய அவர்கள் 'ஹகீமா' என்னும் பெயரும், அரசு ஊதியமும், படைத்துறைத் தரமும் பெற்றனர். விலைக்கு வாங்கப்பட்டவள் கற்றாள். வீட்டுமகள் எழுத்தறியாமல் இருந்தாள். இதுவா மார்க்கப் பேணுதல்?

மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று 'இஹ்யா'வில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதி வைத்தார்கள். ஒருவருமே கற்கவில்லையெனில் ஊரார் அனைவருமே குற்றவாளிகள் என்பது அதன் பொருள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதை அபூதாவூத் ஓதியோர் அறிவர்.

அல்அஸ்ஹரில் ஓதிய ரிஃபாஆ தஹ்தாவி, 1870-களின் தொடக்கத்தில் வெளியான 'அல்முர்ஷிதுல் அமீன்' நூலில், பெண்மக்களும் கற்க வேண்டும், தேவை நேரின் ஆற்றலுக்கேற்ற தொழிலும் புரியலாம் என வாதிட்டார். "அவர் பாரிஸில் இருந்தவராயிற்றே!" என்பீர்கள். ஆம், மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்றவர். அவர் எடுத்துக்காட்டியதோ நபிகளார் (ஸல்) அவர்களின் துணைவியருள் எழுத்தறிவு பெற்றோரை! 1873-இல் கெய்ரோவில் ஸுயூஃபிய்யா பெண்கள் பள்ளியும் திறக்கப்பெற்றது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். மனைவிக்குப் பேறுகாலம் வந்தால், "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்று ஊரெல்லாம் அலைகிறோம். அது முறையே. ஆனால் மதிப்பெண் பெற்றுவந்த மகளை, "படித்தது போதும்" என்று அடுக்களையில் நிறுத்துவோரும் நம்மில் உண்டு. வெட்கம் காக்கும் மருத்துவர் வேண்டும். அவர் பிறர் பெற்ற மகளாகவே இருக்க வேண்டும் என்பது எந்தக் கிதாபில் உள்ள நீதி?

எகிப்தியர் அன்று அடிமைச் சந்தைக்குச் சென்றனர். நமக்கு அச்சந்தையும் இல்லை, சாக்கும் இல்லை. மகள் இருக்கிறாள், அனுப்புங்கள்.