குழந்தைக்கு உறக்க மருந்து: எங்கே, யார் பார்வையில்?

ஊசியின்றி, இனிப்புச் சிரப்பாக வாய்வழியே புகட்டப்படுவதாலேயே ஒரு மருந்து அபாயமற்றது என்று கருதிவிடும் மனப்பான்மை, பெற்றோரிடம் மட்டுமன்றி, குழந்தையை வீட்டிலேயே உறங்கவைத்து எடுத்துவரச் சொல்லும் பரிசோதனை நிலையங்களிடமும் காணப்படுவது மிகுந்த கவலைக்குரியது.

செவித்திறன் சோதனைக்கோ, இ.இ.ஜி. பதிவுக்கோ, எக்கோ பரிசோதனைக்கோ அசையாமல் கிடக்கவேண்டிய சிசுவுக்கு நம் நாட்டில் பல இடங்களில் தரப்படுவது டிரைக்ளோஃபாஸ் என்னும் சிரப். 1832-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் லீபிக் தயாரித்து, 1869-இல் லீப்ரைக் என்பவர் உறக்க ஔஷதமாகப் பிரயோகித்த குளோரல் ஹைட்ரேட்டின் நெருங்கிய உறவு அது. இரண்டும் உடலுக்குள் ஒரே பொருளாக மாறியே உறக்கத்தை விளைவிக்கின்றன. பயனற்ற மருந்தென்று யாரும் சொல்லமுடியாது. மிடசோலம் என்னும் மற்றொரு உறக்க மருந்து அச்சத்தைத் தணித்தாலும் குழந்தையை அசையாது கிடத்தப் பல வேளைகளில் போதாதென்பதால், நீண்ட சோதனைகளுக்கு வைத்தியர்கள் பழைய மருந்தையே நாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வாயால் கொடுத்த மருந்து எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்குமென்று நிச்சயமில்லை. பாதியைத் துப்பிவிட்டு விழித்திருக்கும் குழந்தைக்கு, பொறுமையிழந்து இன்னொரு வேளை மருந்தைப் புகட்டினால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் குழந்தை தாயின் மடியில், ஆட்டோவிலோ பஸ்ஸிலோ இருக்கக்கூடும். சிசுவின் தலை பெரிது, கழுத்து தளர்ந்தது, மூச்சுப்பாதை குறுகியது. மருந்தின் மயக்கத்தில் தலை முன்னே சரிந்தால் அந்தப் பாதை ஓசையின்றி அடைபடும், அருகிலிருப்பவர்களோ குழந்தை நன்றாக உறங்குவதாகவே எண்ணுவார்கள். மிடசோலத்துக்கேனும் முறிவு மருந்து உண்டு. டிரைக்ளோஃபாஸுக்கு அதுவும் இல்லை. பெரியவர் உடலிலேயே அதன் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் ஆகும். பிறந்த சிசுவுக்கு இன்னும் அதிகம்.

அமெரிக்காவில் சார்லஸ் கோட்டே முதலிய வைத்தியர்கள், சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்ததால் நேர்ந்த 95 விபத்துக்களைத் துருவி ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டனர். அவற்றுள் 51 குழந்தைகள் இறந்தன. 9 குழந்தைகளுக்கு நரம்பு மண்டலம் நிரந்தரமாகப் பழுதுபட்டது. எந்த வகை மருந்தும், அதைக் கொடுத்த எந்த வழியும் இதற்கு விலக்கல்ல என்பதும், கண்காணிப்பின் குறைபாடே முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். வீட்டிலும் காரிலும் மருந்து கொடுக்கப்பட்டு மாண்ட குழந்தைகளும் அக்கணக்கில் உண்டு.

ஆகவே, மருந்து அவசியமா என்பதே முதற் கேள்வியாகட்டும்; உறங்கும் நேரத்தை ஒட்டிச் சோதனையை அமைத்தாலோ, பால் கொடுத்துத் துணியில் சுற்றிக் கிடத்தினாலோ பல சிசுக்கள் தாமே உறங்கிவிடும். அவசியமென்றால், அன்றைய எடையைப் பார்த்து, ஆகாரம் உண்டு எத்தனை நாழிகை ஆயிற்று என்று விசாரித்து, ஆக்ஸிஜனும் முகமூடிப் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஆக்ஸிமீட்டரையும் குழந்தையின் மார்பையும் பார்த்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத ஒருவர் முன்னிலையில், அந்நிலையத்திலேயே கொடுக்கவேண்டும். நன்றாக விழித்த பிறகே குழந்தையை அனுப்பவேண்டும். கூட்டம் அதிகம், படுக்கை குறைவு என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் நாளொன்றுக்குச் செய்யும் சோதனைகளைக் குறைப்பதேயன்றி, காவலைத் தாயின் தலையில் சுமத்துவதன்று. வீட்டிலேயே கொடுத்து எடுத்துவாருங்கள் என்று எந்த நிலையம் சொன்னாலும், பெற்றோர் சிரப்பைத் திறக்காமலே குழந்தையை அங்கு கொண்டுசென்று, இங்கேயே கொடுங்கள் என்று தயங்காமல் கேட்கவேண்டும்.