ஒரு தட்டு விற்றுவிட்டால் சங்கீதம் வளர்ந்துவிடுமா?

யாரும் எதிர்பாராமல் ஒரு இசைத்தட்டு லக்ஷக்கணக்கில் விற்றுவிட்டால், உடனே “இனி இந்தவகை சங்கீதத்திற்கு நல்ல காலம் பிறந்துவிட்டது” என்று எழுத ஆரம்பித்துவிடுகின்றார்கள். நல்ல காலம் பிறப்பதென்பது ஜோசியன் பேச்சே ஒழிய பகுத்தறிவுள்ளவன் பேச்சாகாது. ஆதலால் நடந்ததைப் பார்ப்போம்.

போலந்து தேசத்து கோரெட்ஸ்கி என்பவர் 1976-ம் வருஷத்தில் தமது மூன்றாவது சிம்பொனியை எழுதினார். வெகுகாலம் அதை வெகு சிலரே அறிந்திருந்தனர். 1992-ல் வெளிவந்த ஒரு தட்டோ பத்து லக்ஷத்திற்கு மேல் விற்றது. இது என்ன, தெய்வச் செயலா? அவ்வருஷம் இங்கிலாந்தில் புதிதாய்த் தோன்றிய கிளாசிக் எப்.எம். என்னும் ரேடியோ அதை ஓயாமல் ஒலிபரப்பியது ஒரு முக்கிய காரணம். சரி, வாங்கினவர்கள் அவருடைய மற்ற சிம்பொனிகளைத் தேடிப் போனார்களா? இல்லை. 2010-ல் அவர் சாகும்வரை வேறெந்தத் தட்டும் அதற்கு அருகில்கூட வரவில்லை. ஜனங்கள் வாங்கியது ஒரு தட்டையே ஒழிய ஒரு சங்கீதத்தை அல்ல.

நிற்க, கியூபாவைப் பார்ப்போம். 1996-ல் ஹவானாவில் சில நாட்களில் பதிவு செய்து 1997-ல் வெளிவந்த ‘புவனா விஸ்டா சோஷியல் கிளப்’ என்ற தட்டு உலகமெங்கும் பரவிற்று. அதோடு நின்றுவிடவில்லை. வயோதிகப் பாடகர்கள் தனித்தனியே தட்டுகள் கொடுத்தார்கள். 1999-ல் விம் வெண்டர்ஸ் படம் எடுத்தார். முதியவர்கள் பலர் இறந்தபின்னும் அக்கூட்டத்தார் 2016 வரை ஊர் ஊராய்க் கச்சேரி செய்தார்கள். ஆகவே ஆசை நிலைத்தது. ஆனாலும் அதே காலத்தில் ஹவானா வாலிபர்கள் வாசித்த டிம்பா என்னும் புது சங்கீதத்திற்கு வெளிநாட்டில் அந்த மவுசு கிட்டவில்லை. பழமைக்கு இருக்கும் யோக்கியதை புதுமைக்கு இல்லையா என்று கேட்கின்றோம்.

அத்தட்டில் பாடிய இப்ராஹிம் பெரர் என்பவர் அதற்குமுன் பாட்டை விட்டுவிட்டு, செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அவர் குரல் 1995-ல் இல்லாமலிருந்து 1997-ல் திடீரென்று முளைத்ததா? குரல் என்றும் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே எதிர்பாராத வெற்றி என்பது கதவைத் திறக்கும்; அவ்வளவே. அதைத் திறந்து வைத்திருப்பது கச்சேரியும், கற்றுக்கொடுத்தலும், கலைஞனுக்கு வயிறார அளிக்கும் கூலியுமேயாகும். முதல் தட்டை வாங்கினவர்கள் இரண்டாவதையும் வாங்குவார்களானால் அதுவே உண்மையான அபிமானம். மற்றதெல்லாம் திருவிழாக் கூட்டம் என்றே சொல்லுவோம்.