விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்லூரி தேடி அலைகிறோம். கட்ஆஃப் என்ன, ஃபீஸ் எவ்வளவு, படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். "ஏனுங்க, ஹாஸ்டல்ல எந்த எண்ணெயில சமைக்கிறீங்க?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வீட்டுக்கு மளிகை வாங்கும்போது மஞ்சளை முகர்ந்து பார்க்கிறோம். வெல்லம் ரொம்ப வெளுப்பாக இருந்தால் 'மருந்து போட்டது' என்று ஒதுக்குகிறோம். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை மூன்று, நான்கு வருஷம் சாப்பிடும் விடுதிச் சாப்பாட்டுக்குச் சாமான் டெண்டரில் வருகிறது. குறைந்த விலை எழுதியவருக்கு ஆர்டர்! வயிற்றெரிச்சல், மலச்சிக்கல் என்று வரும் விடுதிப் பிள்ளைகளுக்குச் சூரணம் கொடுக்கிறேன். நாலு நாள் கேட்கும். அப்புறம் மறுபடியும் அதே மெஸ்தானே!

காரணம் கேட்டால், "சட்டம் அப்படித்தானுங்க டாக்டர்" என்பார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அது சொல்வது என்ன? டெண்டரில் எழுதிய தரத்துக்குள் வருகிறவர்களில் குறைந்த விலைக்காரருக்குக் கொடு என்பதுதான். அந்தத் தரத்தை எழுதும் பேனா பல்கலைக்கழகத்தின் கையில் அல்லவா இருக்கிறது?

பழநி தேவஸ்தானத்தைப் பாருங்கள். பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையை நம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தரம் பார்த்து வாங்குகிறது. விவசாயிக்கும் பக்கத்திலேயே சந்தை. கோயிலுக்கு முடிவது கல்லூரிக்கு முடியாதா? கடல் கடந்தும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம், 2020-க்குள் தன் உணவுக் கொள்முதலில் 20 சதவிகிதமாவது மண்ணுக்கும் மனிதருக்கும் கேடு செய்யாததாக இருக்க வேண்டும் என்று கொள்கையாகவே எழுதி வைத்தது.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் என்ன எழுதலாம்?

மஞ்சள் ஈரோட்டுக் கிழங்காக வரட்டும். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் ஏற்றவில்லை என்ற பரிசோதனைச் சான்றும் கூடவே வரட்டும். ஈயம் மூளையைக் கெடுக்கும்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. அதில் உண்டாகும் கேடான பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் நடப்பில் இருக்கிறது. சமையல் ஒப்பந்தத்திலும் அதைச் சேர்க்க வேண்டும்.

வாரம் இரண்டு வேளை சாமை, தினை, கம்பு. இவற்றில் புதுப்புது ரகங்களைத் தந்த வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கிறது. போர்வெல் ஆயிரம் அடி போயும் தண்ணீர் காணாத நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர் இதுதான். வாங்க ஆள் இருந்தால் விவசாயி விதைப்பார்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளரை ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வரும்.

"செலவு கூடுமே?" என்பீர்கள். சிலவற்றில் கூடத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இந்த வருஷம் எண்ணெய், அடுத்த வருஷம் மஞ்சள் என்று போகலாம். மெஸ் பில்லில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதைவிட அதிகமாக மருந்துக் கடையில் கொடுப்பது எந்தக் கணக்கில் லாபம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "மெஸ் சாமான் டெண்டர்ல என்ன தரம் எழுதியிருக்கீங்க? கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!